ஜாஸ் ரயில்களை இழுத்த என்ஜின்

பிரிட்டிஷ் நீராவி என்ஜின் என்றதும் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் மனசுக்கு நெருக்கமானது என்-7. லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்குக் குமாஸ்தாக்களையும் தொழிலாளர்களையும் காலையில் கொண்டுவந்து சேர்த்து, மாலையில் சிங்ஃபோர்டு, என்ஃபீல்டு என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய குட்டை என்ஜின் அது.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. நகரத்துக்குள் பாதையை நீட்டுவதற்காக கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே ஏழைகளின் குடியிருப்புகளை இடித்தது. அதற்கு ஈடாக, தொழிலாளர்கள் போகவர 2 பென்ஸ் டிக்கெட்டில் ரயில் விட வேண்டும் என்று 1864-இல் நாடாளுமன்றம் நிபந்தனை போட்டது. அந்த மலிவு டிக்கெட்டை நம்பி வால்தம்ஸ்டோவும் எட்மண்டனும் மளமளவென்று வளர்ந்தன. முதல் உலகப்போர் முடிந்தபோது ரயிலில் நிற்கவும் இடமில்லை; மின்சாரப் பாதை போட கம்பெனியிடம் பணமும் இல்லை.

நீராவியை வைத்தே சமாளிப்பது என்று 1920-இல் முடிவெடுத்தார்கள். முதல் வகுப்புப் பெட்டிகளில் மஞ்சள் பட்டை, இரண்டாம் வகுப்பில் நீலப் பட்டை. அவசரத்தில் ஓடிவருபவர் பெட்டி தேடி அலையக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதைப் பார்த்து ஒரு பத்திரிகை 'ஜாஸ்' என்று பெயர் வைக்க, அதுவே நிலைத்துவிட்டது.

நெரிசல் நேரத்தில் மணிக்கு 24 ரயில்கள். எப்படி முடிந்தது? லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் தண்டவாளம் முடிந்துவிடும். உள்ளே வந்த என்ஜின் தன் பெட்டிகளுக்கும் முட்டுச்சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அதற்காக யாரும் காத்திருப்பதில்லை. நடைமேடையின் மறுமுனையில் தயாராக நிற்கும் வேறொரு என்ஜின் வந்து முட்டும். ஃபயர்மேன் கீழே குதித்து, இடையில் குனிந்து நுழைந்து, கனத்த கொக்கியை மாட்டித் திருகி இறுக்குவார். பிரேக் குழாயைச் சேர்ப்பார். என்ஜின் பக்கவாட்டில் இருக்கும் காற்று பம்பு மூச்சிரைக்க, ரயில் கிளம்பிவிடும். வந்து நின்றதிலிருந்து புறப்படுவது வரை 4 நிமிடம்தான். விடுபட்ட பழைய என்ஜின் பின்னாலேயே ஊர்ந்துபோய், அடுத்த ரயிலுக்காக அதே முனையில் ஒதுங்கி நிற்கும்.

என்-7 இந்த வேலைக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல அமைந்தது. கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனியின் எஞ்சினியர் ஏ.ஜே. ஹில் வடிவமைத்தது. 1915-இல் இரண்டு செய்து பார்த்தார்கள். போர் குறுக்கிட்டதால், அடுத்த தொகுதி 1921-இல்தான் வந்தது. அதுவரை சின்னஞ்சிறு பழைய என்ஜின்களே ஜாஸ் ரயில்களை இழுத்துக்கொண்டிருந்தன. தண்ணீரும் கரியும் என்ஜினின் மேலேயே இருப்பதால் தனி வண்டி வேண்டாம், முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும், திருப்பிவிட வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிகளின் பாரம் ஆறு இயக்கு சக்கரங்களின் மேல் அழுந்துவதால் தண்டவாளத்தில் நல்ல பிடிப்பு. சக்கரத்தின் விட்டம் 4 அடி 10 அங்குலம்தான். எக்ஸ்பிரஸ் வேகத்துக்கு அது போதாது. ஆனால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று நின்று கிளம்பும் ரயிலுக்கு முதல் சில விநாடிகளின் இழுப்புதான் முக்கியம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டை விட்டதுமே பெத்னல் கிரீன் ஏற்றம் வேறு குறுக்கே நிற்கும்.

1923-இல் ரயில்வே கம்பெனிகள் இணைந்தபோது, 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மனை' உருவாக்கிய நைஜல் கிரெஸ்லி புதிய கம்பெனியின் தலைமை எஞ்சினியரானார். சொந்த வடிவமைப்புகள் கைவசம் இருந்தும், ஹில்லின் என்-7-ஐயே அவர் தொடர்ந்து செய்யவைத்தார். மொத்தம் 134 ஆனது. இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் அந்த என்ஜினுக்கு வேண்டியதில்லை.

1960 நவம்பரில் சிங்ஃபோர்டு, என்ஃபீல்டு பாதைகளுக்கு மின்சாரம் வந்தது. 1962-க்குள் என்-7-கள் அனைத்தும் ஓய்வு பெற்றன. வேகச் சாதனை படைத்த என்ஜின்களைப் பாதுகாக்க ஆட்கள் திரண்ட நாட்டில், லட்சக்கணக்கானவர்களை வேலைக்குக் கொண்டுபோன இந்த வகையில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. அதன் எண் 69621. 1924-இல் ஸ்ட்ராட்ஃபோர்டு பட்டறையில் கட்டப்பட்டது. அந்தப் பட்டறை கட்டிய கடைசி என்ஜினும் அதுவே. எசெக்ஸில் உள்ள ஈஸ்ட் ஆங்லியன் ரயில்வே அருங்காட்சியகத்தோடு நெடுங்காலத் தொடர்புடையது. லண்டன் போகும் ரயில் பிரியர்கள் என்ஜின் அங்கே இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால், லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலேயே ரயிலேறி, மார்க்ஸ் டேயில் மாறி, அடுத்த நிலையத்தில் இறங்குங்கள்.