கண்ணாடிக்குள் ஒரு பம்பரம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னைப் போலவே ஆசிரியர் பயிற்சி படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சியென்-ஷியுங் வூ. 1912-ல் சீனாவில் ஷாங்காய் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று அவர் அப்பாவே ஒரு பள்ளி தொடங்கினார். மகளும் அதில்தான் படித்தார். பிறகு சூசோ நகரில் ஆசிரியர் பயிற்சி. அங்கே மற்றப் பிரிவுத் தோழிகளிடம் கணக்கு, இயற்பியல் புத்தகங்களை இரவல் வாங்கி, ராத்திரியில் தானே படித்தார். 1936-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அதன்பின் பெற்றோரைப் பார்க்கவே முடியவில்லை.

இனி அவர் செய்த வேலை. தரையில் ஒரு பம்பரம் வலமாகச் சுற்றுகிறது. பக்கத்துச் சுவர்க் கண்ணாடியில் அது இடமாகச் சுற்றும். ஆனால் மேல் மேலேதான், கீழ் கீழேதான். கண்ணாடியில் தெரிவது எதுவும் இயற்கையிலும் நடக்கக்கூடியதே என்று விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். பீட்டா சிதைவில் இதை யாருமே சோதிக்கவில்லையே என்று 1956-ல் லீ, யாங் என்ற இருவர் எழுதினார்கள்.

கணவரோடு போகவிருந்த வெளிநாட்டுப் பயணத்தை விட்டுவிட்டு வூ இதில் இறங்கினார். வாஷிங்டனில் ஓர் ஆய்வகத்தில், அங்குள்ளவர்களோடு சேர்ந்து, கோபால்ட்-60 அணுக்கருக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்தார். காந்தப்புலத்தால் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சுழலவிட்டார். எலக்ட்ரான்கள் இரு பக்கமும் சமமாக வரவில்லை. ஒரு பக்கமே அதிகம். சுழற்சியை மாற்றினால் அந்தப் பக்கமும் மாறியது. கண்ணாடியிலோ சுழற்சி மட்டும்தான் மாறும், பக்கம் மாறாது. ஆக, கண்ணாடி காட்டும் அந்த உலகம் இயற்கையில் இல்லை!

1957-ல் நோபல் பரிசு லீக்கும் யாங்குக்கும் கிடைத்தது. வூவுக்கு இல்லை. 1978-ல் இயற்பியலுக்கான முதல் உல்ஃப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை. பேரண்டம் பிறந்தபோது பொருளும் எதிர்ப்பொருளும் சமமாக உண்டாகியிருந்தால், ஒன்றையொன்று அழித்திருக்க வேண்டும். நாம் எப்படி மிஞ்சினோம்? எங்கோ ஒரு சமச்சீர் உடைந்திருக்க வேண்டும். அதைத்தான் இப்போது மூலக்கூறுகளுக்குள் தேடுகிறார்கள். எலக்ட்ரானின் மின்னூட்டம் இம்மியளவாவது ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா என்று 2018-ல் தோரியம் மோனாக்சைடிலும், 2023-ல் ஹாஃப்னியம் ஃபுளோரைடு அயனியிலும் பார்த்தார்கள். இதுவரை தென்படவில்லை. விடவும் இல்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "டீச்சர், பொண்ணு பிசிக்ஸ்தான் படிப்பேன்னு அடம்பிடிக்கிறா. வேலை கிடைக்குமான்னு பயமா இருக்கு" என்றார். அவர் பயம் நியாயமானதுதான். வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் தம்பி, உன் பெண் கேட்பது நகை இல்லை, கார் இல்லை. ஒரு கேள்விக்குப் பின்னால் போக அனுமதி கேட்கிறாள். வூவின் அப்பா பள்ளிக்கூடமே கட்டினார். நீ ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

வாழ்த்துகளுடன்,
உங்கள் டீச்சர்