எல்லையில் பிடிபட்ட காரும் எங்கள் தம்பி மகளும்

எங்கள் தம்பி மகள் அமெரிக்காவில் வழக்கறிஞராக இருக்கிறாள் என்று சொன்னால் கேட்பவர் எல்லாரும் மகிழ்வர். அங்கே யாருக்காக வாதாடுகிறாள் என்ற அடுத்த கேள்வி வரும்போதுதான் எங்கள் குரல் தாழ்ந்துவிடும். போதைப்பொருளை நாட்டுக்குள் கடத்தி வந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியற்று நிற்போருக்காக அவள் வாதாடுகிறாள். பல ஆண்டுகள் நாங்கள் இதை நேராகச் சொன்னதில்லை. "அரசாங்க வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவோம். அதில் பொய்யுமில்லை. குற்றம் சாட்டுவது அரசு. சாட்டப்பட்ட ஏழைக்கு வழக்கறிஞரைத் தந்து அவருக்கு ஊதியம் அளிப்பதும் அதே அரசு. மத்திய அரசு நீதிமன்றங்களில் இந்த ஏற்பாடு 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

நாங்கள் கூசியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பங்கில் நாங்கள் இருவரும் ஞானப்பெற்றோராக நின்று திருமுழுக்குக்குக் கையிலேந்திய ஒரு பிள்ளை, நகரத்துக்குப் படிக்கச் சென்ற இடத்தில் ஊசிக்கு அடிமையாகி, 24-ஆம் வயதில் இறந்துபோனான். அவனைக் கல்லறைக்குக் கொண்டுசென்ற நாளில், இந்த நஞ்சைக் கொண்டுவருகிறவர்களுக்கு எந்தத் தண்டனையும் போதாது என்று அவன் தாயின் முன்பாகவே சொன்னவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பரிந்துபேசும் தொழில் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கே வாய்த்ததை எங்களால் எளிதில் ஏற்க முடியவில்லை.

2024 அக்டோபரில் தம்பி வீட்டில் சில வாரங்கள் தங்குவதற்காகச் சான் டியேகோ நகரத்துக்குச் சென்றோம். வந்து மூன்றாம் நாள் இரவு, உணவு மேசையில் எங்களுள் ஒருவர் பொறுமையிழந்து, "நம் வீட்டுப் பெண் இந்த வேலையைத்தான் செய்ய வேண்டுமா?" என்று கேட்டுவிட்டார். தம்பி தலை குனிந்துகொண்டான். அவனுக்கும் அதே மனத்தாங்கல் உண்டு என்பது தெரிந்தது. அவள் மட்டும் கோபப்படவில்லை. "பெரியம்மா, அடுத்த வாரம் எனக்கு ஒரு விசாரணை இருக்கிறது. நீதிமன்றம் யாருக்கும் திறந்திருக்கும். பெரியப்பாவும் நீங்களும் வந்து உட்கார்ந்து பாருங்கள்" என்றாள்.

அந்நகரின் தெற்கே, மெக்ஸிகோவின் டிஹுவானா நகரை ஒட்டி, சான் இசிட்ரோ என்ற எல்லைச் சாவடி இருக்கிறது. உழவர்களின் பாதுகாவலராகிய புனித இசிதோரின் பெயரைத் தாங்கிய இடம். மேற்குலகில் மிகுதியான மக்கள் கடந்து செல்லும் தரைவழி எல்லை அதுவே என்கிறார்கள். விடியுமுன்பே கார்கள் நிரை நிரையாக நிற்கும். அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் நாள்தோறும் கடந்து வருவோர் ஆயிரக்கணக்கானோர். அந்தக் கூட்டத்தில்தான் கடத்தல்காரனும் தன் சரக்கை நுழைக்கப் பார்க்கிறான். கதவுத் தகட்டுக்குள்ளும், இருக்கைக்கு அடியிலும், மாற்றுச் சக்கரத்திலும், பெட்ரோல் தொட்டியிலுங்கூடப் பொட்டலங்கள் அகப்படுவது உண்டாம்.

அவள் கட்சிக்காரர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. டிஹுவானாவில் தாயுடன் குடியிருந்து, எல்லைக்கு இப்பால் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்து பிழைப்பவர். உறவுக்காரப் பையன் ஒருவன் இரவல் கொடுத்த காரில் ஒருநாள் வந்தபோது, மோப்ப நாய் நின்றுவிட்டது. கதவுகளுக்குள் 18 கிலோ மெத்தம்பெட்டமின். அந்நாட்டுச் சட்டப்படி தூய்மையான அப்பொருள் 50 கிராம் இருந்தாலே 10 ஆண்டுக்குக் குறையாத சிறை; மேல் எல்லை ஆயுள். நீதிபதி இரங்க நினைத்தாலும் பொதுவாக 10-க்குக் கீழே இறங்க இயலாது. எடைக்கு ஏற்பத் தண்டனையைக் கட்டிவைக்கும் இந்த முறை 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது.

கார் அவர் கையில் இருந்தது, சரக்கு காரில் இருந்தது, இதில் வாதாட என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் எண்ணினோம். பொருள் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. அவருக்குத் தெரியுமா என்பது ஒன்றே வழக்கு. என்ன மருந்து, எவ்வளவு எடை என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. தடை செய்யப்பட்ட ஏதோ ஒன்றைத் தெரிந்தே கொண்டுவந்தார் என்று ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பித்தால் போதும். ஆனால் அதை மெய்ப்பித்தாக வேண்டும். அதுவும் பன்னிரண்டு ஜூரிமாரும் ஒருமனதாக ஏற்கும்படி.

ஒன்றும் அறியாதவர் காரில் அவ்வளவு விலையுள்ள சரக்கை யார் ஏற்றுவார்கள் என்று கேட்டோம். இவ்வழக்குகளில் அரசுத் தரப்பும் அதையே கேட்கிறதாம். தம்பி மகள் 2011-இல் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் நடந்ததைச் சொன்னாள். நாள்தோறும் விரைவுப் பாதையில் எல்லை கடப்போரை ஒரு கூட்டம் நோட்டமிட்டு, அவர்களுடைய கார்களுக்கு மறுசாவி செய்து, இரவில் டிக்கியில் கஞ்சாப் பைகளை வைத்துவிட்டு, அக்கரையில் எடுத்துக்கொண்டது. அப்படி அகப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியை ஒரு மாதத்துக்கு மேல் மெக்ஸிகோ சிறையில் இருந்தார். பிறகுதான் உண்மை வெளிவந்து விடுதலையானார்.

எனினும் எல்லாரும் அந்த ஆசிரியையைப் போன்றவர்கள் அல்லர் என்பதையும் அவளே சொன்னாள். 1976-இல் அந்தப் பிராந்தியத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. முன்பின் அறியாத ஒருவன் 100 டாலர் தருவதாகச் சொல்ல, ஒரு மனிதன் காரை எல்லை கடத்தி ஓட்டி வந்தான். டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவே ஓர் அறை இருந்ததைப் பார்த்தான். உள்ளே என்ன என்று பார்க்கவில்லை. அதில் 110 பவுண்டு கஞ்சா. உண்மை இன்னதாக இருக்கக்கூடும் என்று வலுவாக உணர்ந்தும், தெரியாது என்று பின்னால் சொல்வதற்காகவே கண்ணை மூடிக்கொண்டவன் தெரிந்தவனுக்குச் சமம் என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் கேட்டபோது எங்களுக்கு முழு நிறைவாக இருந்தது. இன்றும் அது சரியென்றே எண்ணுகிறோம்.

விசாரணைக்கு முந்தைய இரவுகளில் சாப்பாட்டு மேசை முழுவதும் காகிதங்கள். அந்தப் பெண்மணியின் கைப்பேசியிலிருந்து எடுத்த செய்திகளின் மொழிபெயர்ப்பை வரிவரியாகப் படித்தாள். எல்லையில் ஒவ்வொரு காரும் கடந்த நாளும் மணியும் பதிவாகும். அந்தப் பட்டியலை அவர் வேலைக்குச் சென்ற நாட்களோடு ஒப்பிட்டாள். பொட்டலங்களில் அவருடைய விரல்ரேகை இல்லை. அவ்வளவு தொகை கைமாறியதற்கான அடையாளமும் இல்லை. ஆனால் பிடிபடுவதற்கு முந்தைய வாரத்தில், காரில் கெட்ட நாற்றம் வருகிறது என்று உறவுக்காரப் பையனுக்கு அவர் அனுப்பிய செய்தி ஒன்று இருந்தது. அறியாதவர் என்பதற்கும் அதைக் காட்டலாம், கண்ணை மூடிக்கொண்டவர் என்பதற்கும் காட்டலாம். "நீ அவரை நம்புகிறாயா?" என்று கேட்டோம். "நான் நம்புவது சாட்சியம் ஆகாது, பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள்.

இந்த வகை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விசாரணைக்கே வருவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை பெற்றுக்கொள்கிறார்கள். இவருக்கும் அந்த வழி காட்டப்பட்டது. செய்யாததைச் செய்தேன் என்று சொல்லமாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

நீதிமன்றத்தில் எங்கள் அருகே அவருடைய தாய் அமர்ந்திருந்தார். எண்பது வயது இருக்கும். கையில் தேய்ந்துபோன மர ஜெபமாலை. அவருக்கு ஸ்பானிய மொழி, எங்களுக்குத் தமிழ். ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் எங்கள் கையிலும் ஜெபமாலையைக் கண்டவர், சற்று நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டார். மகள் காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்டபடி ஆடாமல் அசையாமல் இருந்தார்.

அரசுத் தரப்பில் புலனாய்வு அதிகாரி ஒருவர் கூண்டேறி, இப்படிப்பட்ட கார்களை ஓட்டி வருவோரில் பெரும்பாலோர் சரக்கைத் தெரிந்தே வருகிறார்கள் என்றார். தம்பி மகள் எழுந்து ஆட்சேபித்தாள், ஏற்கப்படவில்லை. அதற்கு நான்கு மாதம் முன்னர்தான், 2024 ஜூனில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதே எல்லையில் பிடிபட்ட வேறொரு பெண்ணின் வழக்கில் இதை அனுமதித்திருந்தது. அவர் காரிலும் கதவுத் தகடுகளுக்குள் சரக்கு. கார் நண்பருடையது, எனக்குத் தெரியாது என்பதே அவருடைய வாதமும். 'இவருக்குத் தெரியும்' என்று நிபுணர் சொல்லக்கூடாது, 'பெரும்பாலோருக்குத் தெரியும்' என்று சொல்லலாம் என ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், மூவர் மாறுபட்டனர். சட்டம் பயின்றவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கலாம். எங்கள் பார்வைக்கு, அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜூரிமாரில் சிலர் கூண்டிலிருந்து கண்ணைத் திருப்பி அந்தப் பெண்மணியைப் பார்த்தது மட்டுமே தெரிந்தது.

குறுக்கு விசாரணையில் தம்பி மகள் அதிகாரியிடம் நான்கைந்து கேள்விகளே கேட்டாள். அறியாமலே சரக்கைச் சுமந்து வருவோரும் உண்டா? உண்டு. எத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறதா? இல்லை. இவர் அவர்களில் ஒருவர் அல்லர் என்று உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா? தெரியாது. வீட்டில் மிளகாய் அரைக்கத் தெரியாத பெண் என்று நாங்கள் கேலி செய்தவள் அவள்தானா என்று வியப்பாக இருந்தது.

ஜூரிமார் ஒன்றரை நாள் கலந்து பேசினார்கள். குற்றவாளி என்றார்கள்.

நாங்கள் அதிர்ச்சியடைந்தோம் என்று சொன்னால் உண்மையாகாது. அந்த நாற்றச் செய்தி எங்களையும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜூரிமார் இருக்கையில் நாங்கள் இருந்திருந்தால் எப்பக்கம் சாய்ந்திருப்போம் என்று அன்றிரவு எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். ஒருவர் அப்படியும் ஒருவர் இப்படியும் சொன்னோம்.

அதன் பிறகு வந்ததுதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது. 1994-இல் அந்நாட்டார் ஒரு விதிவிலக்கை ஏற்படுத்தினார்கள். 2018-இல் அதை விரிவாக்கினார்கள். முன்குற்றம் மிகுதியாக இல்லாதவர், ஆயுதம் ஏந்தாதவர், கூட்டத்துக்குத் தலைவராக இல்லாதவர், தம் குற்றத்தைப் பற்றித் தாம் அறிந்ததையெல்லாம் தண்டனை நாளுக்குள் அரசிடம் உண்மையாகச் சொல்லிவிட்டால், நீதிபதி 10 ஆண்டுக்குக் கீழே இறங்கலாம். நல்ல இரக்கமே. ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆணையிட்டுச் சொன்னவர் எதைச் சொல்வார்? தெரியும் என்று இப்போது சொன்னால் முன்பு சொன்னது பொய்ச்சாட்சி ஆகும். தெரியாது என்றே நின்றால், ஜூரிமார் நம்பாததை நீதிபதி நம்ப வேண்டும். நம்பலாம் என்று அப்பிராந்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் முன்னரே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தம்பி மகள் எழுதத் தொடங்கினாள். அந்தப் பெண்மணியின் பங்குத்தந்தையிடமிருந்தும், கூட வேலை செய்தவர்களிடமிருந்தும் நீதிபதிக்குக் கடிதங்கள் வாங்கினாள். தாயின் கடிதம் அரைப் பக்கமே. மகள் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்கத் தான் உயிரோடு இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

நாங்கள் ஊர் திரும்பிய பின், 2025 பிப்ரவரியில் ஓர் அதிகாலை தொலைபேசி வந்தது. அரசு வழக்கறிஞர்கள் முன்னிலையில் அந்தப் பெண்மணி மூன்று மணி நேரம் அமர்ந்து, அந்தப் பையனைப் பற்றியும் காரைப் பற்றியும் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னாராம். சரக்கு இருந்தது தெரியுமா என்று கேட்டபோது, தெரியாது என்றே சொன்னார். நீதிபதி நெடுநேரம் பேசினார். கடிதங்களை எல்லாம் படித்ததாகச் சொன்னார். விதிவிலக்கைத் தரத் தம்மால் இயலவில்லை என்றார். 10 ஆண்டுகள். மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்ன தம்பி மகளின் குரல் கரகரத்தது. அவள் அழுது நாங்கள் கேட்டது அதுவே முதல்முறை.

அந்த ஞாயிறு திருப்பலி முடிந்து எங்கள் ஞானமகனின் தாயோடு கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தம்பி மகளுக்கு அமெரிக்காவில் என்ன வேலை என்பதை அன்றுதான் அவரிடம் முதன்முதலாக மறைக்காமல் சொன்னோம். முழுக் கதையையும் குறுக்கிடாமல் கேட்டார். "அந்தப் பொம்பளைக்குத் தெரியுமா, தெரியாதா?" என்றார். எங்களுக்குத் தெரியவில்லை என்றோம். சற்று நேரம் கழித்து, "அந்தக் கிழவியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார். அதுவும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று மாலையே தம்பி மகளுக்குத் தொலைபேசியில் கேட்டோம்.