வடங்களையும் தெரிந்து வைத்திருப்போம்

கணினி திருத்துவதும் வயர் இழுப்பதும் ஆண்களுடைய வேலை என்ற எண்ணம் எங்கள் ஊர்களில் இன்னும் முழுமையாக மாறவில்லை. போருக்குப் பின்னர் நாங்களே வேலி அடைத்தோம், காணி துப்புரவாக்கினோம், வீடு கட்டக் கல் அரிந்தோம். அலுவலகத்தில் இணையம் நின்றுவிட்டால் மட்டும் வவுனியாவிலிருந்து ஒரு தம்பி வரும்வரை காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பினால் யாருக்கு நட்டம் என்பதைப் பற்றியே இம்முறை எழுதுகின்றேன்.

முள்ளியவளையில் ஒரு சிறிய பெண்கள் நிலையத்தில் நான் சமூகப் பணியாளராக இருக்கின்றேன். அது ஒரு வாடகை வீடு. முன்னறையில் பதிவும் கணக்கும். நடு அறையில் உளவளத்துணை. பின்னறையில் பிள்ளைகளுக்கான கணினி வகுப்பு. எல்லாமாக 11 கணினிகள், பிரதி எடுக்கும் இயந்திரம் ஒன்று. எம்மிடம் வருகின்ற பெண்கள் பிளாஸ்ரிக் பையில் சுற்றிக் கடதாசிகளைக் கொண்டுவருவார்கள். காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் என்று பலவும் அதற்குள் இருக்கும். பல இடப்பெயர்வுகளில் தப்பிய கடதாசிகள் அவை. அவற்றை ஸ்கான் செய்து வைப்பதும் பிரதி எடுத்துக் கொடுப்பதும் எங்களுடைய முக்கிய வேலை.

இந்தக் கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது ஆளி எனப்படும் சிறு பெட்டி. மின்விளக்குக்குப் போடுகின்ற சுவிச் அல்ல இது. 5, 8, 16, 24 என்று வடம் செருகும் துளைகளோடு கடைகளில் கிடைக்கின்றது. எந்தத் துளையில் எந்தக் கணினி இருக்கின்றது என்று அது தானாகவே அறிந்துகொண்டு, தகவலை உரிய துளைக்கு மட்டும் அனுப்பும். எல்லோருக்குமான அறிவித்தல் என்றால், வந்த துளையைத் தவிர மற்ற எல்லாத் துளைகளுக்கும் அனுப்பிவிடும்.

ஒரு பெட்டியில் துளை போதாவிட்டால் இன்னொன்றை வாங்கி இணைக்கலாம். எப்படி இணைப்பது என்பதில்தான் விடயம் இருக்கின்றது. எங்கள் நிலையத்தில் முதலில் சங்கிலி போல இணைத்திருந்தார்கள். இணையம் தருகின்ற றவுட்டரிலிருந்து முன்னறை ஆளிக்கு, அதிலிருந்து நடு அறைக்கு, நடு அறையிலிருந்து பின்னறைக்கு. முன்னறையில் யாராவது கேத்திலுக்காக ஆளியின் பிளக்கைக் கழற்றினால் மற்ற இரண்டு அறைகளுக்கும் இணையம் இல்லை.

ஒரு கார்த்திகை மாத மழைநாள். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு அம்மா பஸ்ஸில் வந்திருந்தார். காணாமற்போன மகனுடைய கோவையிலிருந்து பிரதிகள் வேண்டும் என்றார். எந்தக் கணினியிலும் கோவை திறக்கவில்லை. ஆளிகளின் பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் படபடவென்று மின்னின. வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அடுத்த நாள்தான் வரமுடியும் என்று பதில் வந்தது.

“பிள்ளை, அப்ப நான் நாளைக்கும் வரவேணுமோ?” என்று அந்த அம்மா கேட்டார். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் அந்தக் கேள்விக்குள் இருந்தன.

கணக்குப் பார்க்கும் அக்காதான், “இருங்கோ, ஒவ்வொண்டாக் கழட்டிப் பாப்பம்” என்று நிலத்தில் குந்தினார். ஒரு வடத்தைக் கழற்றுவது, விளக்கைப் பார்ப்பது, திருப்பிச் செருகுவது என்று செய்துகொண்டு போனோம். பின்னறையில் ஒரு வடத்தைக் கழற்றியவுடன் எல்லா விளக்குகளும் அமைதியாகின. கூட்டித் துடைத்த பிள்ளை, நிலத்தில் கிடந்த வட நுனியை ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து ஆளியில் செருகியிருந்தாள். அதன் மறுநுனி ஏற்கனவே முன்னறை ஆளியில் இருந்தது. அவளைக் குறைசொல்ல முடியாது. எந்த வடத்திலும் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த அம்மா அன்று பின்னேரமே பிரதிகளோடு போனார்.

ஒரு வடம் கூடினால் ஏன் எல்லாம் நிற்க வேண்டும்? இரண்டு வழி கிடைத்தால் அந்தப் பொது அறிவித்தல் ஒரு வழியால் போய் மறுவழியால் திரும்பி வரும். ஆளி அதைத் திரும்பவும் எல்லாத் துளைகளுக்கும் அனுப்பும். இத்தனை சுற்றோடு நிறுத்து என்று சொல்லும் கணக்கு அந்தத் தகவலில் இல்லை. சில விநாடிகளில் பாதை முழுவதும் நிறைந்து, வேறு எதுவும் போக இடமிருக்காது.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் ஒரு பெண் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ராடியா பேர்ள்மன், 1985 இல் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனத்தில் பணியாற்றியபோது, ஒரு முறையை வகுத்தார். அதன்படி பெட்டிகள் தமக்குள் பேசி ஒன்றைத் தலைமையாக வைத்து, மேலதிக வழிகளை மூடிவைக்கும். திறந்திருக்கும் வழி அறுந்தால் மூடியதைத் திறக்கும். ஆனால் எங்களைப் போன்றோர் வாங்குகின்ற மலிவான ஆளிகளில் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. வசதி இருந்தாலும் ஒழுங்கு வேண்டும். 2002 நவம்பரில் பொஸ்ரன் நகரின் பெத் இஸ்ரேல் மருத்துவ நிலையத்தில் வலையமைப்பு நாட்கணக்கில் செயலிழந்து, வைத்தியர்களும் தாதியரும் கடதாசிக்குத் திரும்ப நேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் துண்டு துண்டாக ஒட்டி வளர்ந்த வலையமைப்பு அது.

அந்த மழைநாளுக்குப் பிறகு நாங்கள் இணைப்பை மாற்றினோம். றவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆளியை நடுவாக வைத்து, மூன்று அறை ஆளிகளுக்கும் அதிலிருந்து தனித்தனி வடம் இழுத்தோம். இப்போது ஓரறை நின்றாலும் மற்றவை இயங்கும். நடு ஆளி பழுதானால் எல்லாம் நிற்கும் என்பதால், மேலதிகமாக ஒன்றை வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறோம். எந்த இரு ஆளிகளுக்கிடையிலும் ஒரே ஒரு வழிதான். வடத்தின் இரு நுனியிலும் ஒரே இலக்கம். வரைபடம் சுவரில்.

மற்றொன்றையும் கவனித்தோம். சாதாரண ஆளியில் இணைந்த கணினிகள் எல்லாம் ஒரே வீட்டில் இருப்பவை போல. பகிர்ந்து வைத்த கோவைக்குக் கடவுச்சொல் இல்லாவிட்டால், உளவளத்துணை அறையில் ஒரு பெண் அழுது சொன்னதை வகுப்பறையில் இருக்கும் யாரும் திறந்து வாசிக்கலாம். ஆகவே வகுப்புக் கணினிகளின் வடத்தைக் கழற்றி, றவுட்டரில் விருந்தினருக்கென இருக்கின்ற தனி வைபை இணைப்புக்கு மாற்றினோம். உளவளத்துணைக் குறிப்புகளைப் பகிராமல் கடவுச்சொல்லிட்டு வைத்தோம். நம்பிச் சொன்னவளின் பாதுகாப்பு ஒரு வடம் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதிலும் தங்கியிருக்கின்றது.

சகோதரிகளே, உங்கள் சங்க அலுவலகத்திலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். திருத்த வருகின்றவரிடம், “தம்பி, எங்களுக்கும் காட்டித்தாங்கோ” என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு வடமும் எங்கே போகின்றது என்று ஒரு கொப்பியில் கீறி வையுங்கள். இடிமின்னல் நாளில் பிளக்கோடு வடத்தையும் கழற்றி வையுங்கள். தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகின்ற இன்னொரு பெண்ணை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பாமலிருக்க, இவ்வளவு தெரிந்திருந்தாலே போதும்.