கந்தலும் கொடையும்

சென்ற ஆண்டுத் திருவருகைக் காலத்தின் தொடக்கத்தில், காட்டூரில் நான் பணியாற்றும் பங்கில் ஏழைகளுக்கென ஆடைகள் திரட்டினோம். அன்பியங்கள் வழியே செய்தி சென்றது. அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு முன்பே மறைக்கல்வி வகுப்பறை நிறைந்துவிட்டது. மூட்டை மூட்டையாய்க் குவிந்த துணிகளைக் கண்டு மகிழ்ந்தேன். மக்களின் தாராள மனத்தை மறையுரையிலும் பாராட்டினேன்.

அன்று மாலை துணிகளைப் பிரிக்க வந்தவர்களுள் எழுபது வயதைக் கடந்த கைம்பெண் ஒருவரும் இருந்தார். அவர் ஒரு மூட்டையை அவிழ்த்து, கறைபடிந்து கிழிந்த சேலை ஒன்றை என் முன் விரித்தார்.

"சாமி, இதை நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்போமா?"

அவர் குரலில் கோபம் இல்லை. என்னிடந்தான் விடை இல்லை. பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவை அப்படித்தான் இருந்தன: பொத்தான் அற்ற சட்டைகள், துவைக்காத பாவாடைகள், ஒற்றைக் காலுறைகள். காலையில் நான் பாராட்டியது தாராள மனத்தையா, வீடு கூட்டியதையா என்ற ஐயம் எழுந்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின் நாகப்பட்டினம் பகுதியில் இதையே பெரிய அளவில் கண்டோம். எங்கெங்கிருந்தோ வந்த பழந்துணிகள் சாலையோரங்களில் தீண்டுவாரற்றுக் கிடந்தன. எல்லாம் இழந்தவர்களுக்கும் தன்மானம் எஞ்சியிருந்தது. தில்லியில் 1999-இல் தொடங்கப்பட்ட 'கூஞ்ச்' என்னும் தொண்டு நிறுவனம், அவ்வாறு ஒதுக்கப்பட்ட துணிகளைத் தரம் பிரித்துப் பயன்படும் பொருள்களாக மாற்றும் பணியை ஏற்றது. அங்கும் குறைவாய் இருந்தது துணியன்று. அதன்மேல் செலுத்தப்பட வேண்டிய உழைப்பே.

அந்த உழைப்பைத்தான் எங்கள் பங்கின் அந்தத் தாய் மூன்று வாரங்கள் செய்து காட்டினார். உடுத்தத் தக்கவற்றைத் தனியே எடுத்துத் துவைத்து மடித்தார். மற்றவற்றுள் பருத்தித் துணியை மட்டும் தேர்ந்தெடுத்தார். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, அடுக்கினால் வழுக்கும் என்று அதை ஒதுக்கினார். சேலையில் உட்காரும் இடம் முதலில் நைந்துபோகும். கரையோரம் உறுதியாய் இருக்கும். நைந்ததை நீக்கி, நல்ல பகுதிகளை மூன்று நான்கு அடுக்காகத் தரையில் விரித்து, மூலைக்கொரு கல் வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக நூலோட்டினார். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழுந்துவிடுமாம். கிழித்தெடுத்த கரைகளே போர்வைக்கு விளிம்பாயின. தையற்கடைகளில் கேட்டு வாங்கிய வெட்டுத்துண்டுகள் மேலே சதுரங்களாக அமர்ந்தன.

பச்சிளங் குழந்தைகளுக்குச் சட்டைகளும் தைத்தார். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கழுத்தை வெட்டினால் பாதி வேலை முடிந்தது. பொத்தானுக்குப் பதில் நாடா. தையல் மடிப்போ வெளிப்பக்கம். "பிள்ளைக்கு உறுத்தக் கூடாதில்லே சாமி" என்றார். பார்ப்பவர் கண்ணுக்கு அழகானது உள்ளே போக வேண்டும் என்பது நம் வழக்கம். அவரோ உடுத்தும் உடம்புக்கு எது சுகமோ அதையே உள்ளே வைத்தார்.

வாசக அன்பர்களே, அந்தப் போர்வைகளை நான் வெறும் பாராட்டோடு பார்க்கவில்லை. என் நெஞ்சில் நீண்ட நாளாகப் பாரமாயிருந்த ஒன்றை அவை அசைத்தன.

நான் பிறந்தது உறையூரில். அவ்வூர்ப் பருத்தியின் மென்மையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வணிகர்கள் அறிந்திருந்தனர் என்பர் வரலாற்றறிஞர். எங்கள் வீட்டில் அந்த மென்மை என் அம்மாவின் இரண்டு கைத்தறிச் சேலைகளில் மட்டுமே இருந்தது. 1977 நவம்பரில் திருச்சியை வெள்ளம் சூழ்ந்தபோது எனக்கு ஏழு வயது. நீர் வடிந்தபின் அச்சேலைகள் சேற்றுக் கறையோடு மீண்டன. நிவாரணமாக எங்களுக்குக் கிடைத்ததோ பெரியவர் ஒருவரின் கிழிந்த சட்டை. அம்மா ஒன்றும் பேசவில்லை. அச்சட்டையின் தையலைப் பிரித்து எனக்கொரு சட்டை தைத்தார். மிஞ்சிய துண்டுகளைச் சேலைகளோடு இணைத்து ஒரு போர்வை செய்தார்.

1985-இல் இளங்குருமடம் சேர்ந்தபோது அப்போர்வை என்னோடு வந்தது. உடன் பயின்றவர்கள் அதைக் கண்டு சிரித்தனர். அவர்கள் சிறுவர்கள், அவர்கள்மேல் குறையில்லை. நான்தான் அதைப் பெட்டிக்கடியில் ஒளித்தேன். பிறகு மாட்டுத் தொழுவத்தில் விரிக்கக் கொடுத்துவிட்டேன். விடுமுறையில் அம்மா, "போர்வை எங்கேப்பா?" என்று கேட்டார். "கிழிந்துவிட்டது" என்றேன். கூச்சமின்றிச் சொன்ன பொய். அவர் அதை நம்பி, மறு விடுமுறை முடிவதற்குள் இன்னொன்று தைத்து முடித்தார்.

பின்னாளில் இறையியல் பயிலும்போது சாமுவேலின் முதல் நூலில், அன்னா தம் மகனுக்கு ஆண்டுதோறும் சிற்றங்கி செய்து சீலோவுக்குக் கொண்டுவந்த செய்தியைப் படித்தேன். ஒரே ஒரு வசனம். கடவுளுக்குக் கொடுத்துவிட்ட மகன். கூடவே இருந்து வளர்ப்பைப் பார்க்க முடியாது. இந்த ஆண்டு எவ்வளவு உயர்ந்திருப்பான் என்று மனத்தாலேயே அளந்துதானே துணியை வெட்டியிருப்பார்! அந்த வசனத்தைத் தாண்டிச் செல்ல அன்று என்னால் இயலவில்லை. ஆயினும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. 2011-இல் அவர் இறந்தார். இரண்டாவது போர்வை இன்றும் காட்டூரில் என் கட்டிலில் கிடக்கிறது.

திருத்தூதர் பணிகள் நூலில் யோப்பா நகரத்துத் தபித்தா பேசிய சொல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அவர் இறந்தபோது கைம்பெண்கள் அழுதபடியே, அவர் தங்களுக்குச் செய்துகொடுத்த ஆடைகளைப் பேதுருவிடம் காட்டினார்கள். அவருடைய வாழ்வுக்குச் சாட்சி சொன்னவை அவைதாம். நாம் ஏழைகளுக்கு அனுப்பும் மூட்டைகள் நம் இறுதி நாளில் யார் கையிலாவது இருந்தால், என்ன சாட்சி சொல்லும்?

வட கர்நாடகக் காடுகளை ஒட்டி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. அப்பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு 'கவந்தி' எனப்படும் போர்வை தைப்பார்கள். கத்தோலிக்கப் பெண்கள் சிலர் அதில் சிலுவையும் வைப்பதுண்டு. மூலைகளில் சிறு முக்கோணத் துண்டுகளை அடுக்கித் தைப்பதற்குப் 'பூ' என்று பெயர். பூ வைக்காத போர்வை ஆடையற்றது என்பது அவர்கள் எண்ணம். ஆடையற்றவரை உடுத்துவதே பெரிதென்று நாம் நினைக்கிறோம். அவர்களோ உடுத்தும் துணியும் வெறுமையாய் நிற்கலாகாது என்கிறார்கள். குளிரைத் தடுக்கப் பூ தேவையில்லை. 'உன்னை நினைத்தே இதைச் செய்தேன்' என்று சொல்லத் தேவை.

நமக்கு வேண்டாததைப் பிறருக்குத் தருவது குற்றமன்று. பழைய துணிதான் குழந்தைக்கு மெத்தென்றிருக்கும் என்பதை நம் பாட்டிமார் அறிவர். ஆனால் கந்தல் தானாகக் கொடையாகிவிடாது. துவைக்கும் கையும், கிழிசலை மூட்டும் ஊசியும், பெறுபவரின் அளவை எண்ணிப் பார்க்கும் மனமும் சேரும்போதே அது கொடையாகிறது. அந்த வேலையை ஏழையின் தலையில் சுமத்திவிட்டு, அறம் செய்தோம் என்று நாம் உறங்கப் போகிறோம்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரம், அரசு மருத்துவமனையின் பேறுகாலப் பிரிவுக்கு அனுப்பப் பதினொரு போர்வைகள் ஆயத்தமாயின. மந்திரிக்கக் கொண்டுவந்தார். ஒன்றன் விளிம்பு மட்டும் ஒரு சாண் அளவு தைக்கப்படாமல் இருந்தது. ஊசியை என்னிடம் நீட்டினார். என் தையல் கோணல்மாணலாய்ப் போயிற்று. பிரித்துத் திரும்பத் தைத்துவிடுங்கள் என்றேன்.

அவர் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். "இருக்கட்டும் சாமி. உறுத்தாது" என்று சொல்லி மடித்து வைத்தார்.

அன்றிரவு என் கட்டிலில் கிடந்த போர்வையின் விளிம்பை நானும் தடவிப் பார்த்தேன். அம்மாவின் தையல் மடிப்பும் வெளிப்பக்கமே இருந்தது.