அவள் கையை அவளே எழுதுவாள்

என் மகளும் தோழிகள் நால்வரும் இணையத்தில் சேர்ந்தெழுதும் கதைவிளையாட்டுக்காகப் போக்கிமான் பழக்கும் பள்ளி ஒன்றைத் திட்டமிடுகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம், ஒருத்தி நிறுத்திய இடத்திலிருந்து இன்னொருத்தி தொடர வேண்டும்.

1996இல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமான் விளையாட்டுகளில் ஆடுபவர் பையன் மட்டுமே. பெண்ணாக ஆடும் வாய்ப்பு 2000இல் 'கிறிஸ்டல்' பதிப்பில்தான் வந்தது. அந்த இரண்டாம் தலைமுறையில், தாக்கும் திறனுக்கான உள்ளெண்ணை வைத்தே ஒரு போக்கிமானின் பாலினம் முடிவானது. எண் குறைந்தால் பெண். பெண் பலவீனமானவள் என்று யாரும் வசனம் எழுதவில்லை. கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்.

பிள்ளைகள் அந்தக் கணக்கை முதலில் நீக்கினார்கள். அடுத்து, இப்படி எழுதுபவர்களிடையே பழகிப்போன ஒரு விதியைச் சேர்த்தார்கள்: பிறர் பாத்திரத்தின் செயலை நீ எழுதக்கூடாது. 'அவளை நோக்கிக் கை நீட்டினேன்' என்று எழுதலாம். 'பற்றிக்கொண்டாள்' என்பதை அவள்தான் எழுதவேண்டும், எழுதாமலும் போகலாம்.

வகுப்பில் அகப்பாடல் நடத்துகிறவள் நான். தலைவி கூற்றுகளில் பெரும்பாலானவற்றைப் பாடியவர்கள் ஆண்கள். அவள் மெலிந்ததையும் வளை நெகிழ்ந்ததையும் அவர்களே சொல்லி முடித்தார்கள். வெள்ளிவீதியார் போன்ற பெண்களின் குரல் அங்கே குறைவு. இந்த விதி அன்று இருந்திருந்தால் எத்தனை தலைவியர் பதில் சொல்லாமல் நகர்ந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ பிடிபட்ட போக்கிமானுக்கு யார் எழுதுறது?" என்றாள் ஒருத்தி.

நெடுநேரம் வாதாடினார்கள். இப்போது அந்தப் பள்ளியில் போக்கிமான் பந்துக்குள் போக மறுக்கலாம். அந்த மறுப்பை எழுதவென்றே ஒருத்தியை நியமித்திருக்கிறார்கள்.