நீடாமங்கலம் கேட், 87-இல் ஒரு பங்கு

மாதிரி ரயிலுக்காக மாடி அறையில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் போட்டாயிற்று. என்ன ஊர் என்பதில்தான் இரண்டு வாரம் போயிற்று. முதலில் தஞ்சாவூர் என்றே நினைத்தேன். பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர். எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்கில், 76 சென்டிமீட்டர். நெட்டியில் அதைச் செய்து கொடுக்கத் தஞ்சாவூரில் கைகள் உண்டு. 2020-இல் புவிசார் குறியீடும் வாங்கிய வேலை அது. ஆனால் அவ்வளவு உயரத்தை வைத்துவிட்டால் வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், ரயிலைப் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே நீடாமங்கலம்.

*

தஞ்சை–நாகை சாலையில் பேருந்தில் போனவர்களுக்கு அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூடினால் மூடியதுதான். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிடுவார். நெல், அரிசி மூட்டை ஏற்றிய வேகன்களை ஒரு எஞ்சின் முன்னே இழுக்கும், பின்னே தள்ளும், மறுபடி இழுக்கும். பாசஞ்சர் ஒன்று பிளாட்பாரத்தில் உறுமிக்கொண்டு காத்திருக்கும். பேருந்தில் இருந்தபோது எரிச்சலாக இருந்த அதே காட்சிதான் இப்போது எனக்குப் பலகையில் வேண்டும். ஒரே யார்டில் இரண்டு எஞ்சின், இரண்டுக்கும் தனித்தனிப் புத்தி. எந்தக் கண்ட்ரோல் பெட்டி வாங்குவது என்ற கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. வட்டப் பாதையில் ஒரே வண்டி சுற்றிச் சுற்றி வந்தால் போதும் என்றால் பழைய 12 வோல்ட் திருகுப் பெட்டியே போதும். காசை மிச்சம் பிடிக்கலாம்.

*

பேரன் கேட்டான்: “தாத்தா, பழைய பெட்டிக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்?” நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பை வைத்துத்தான் சொன்னேன். அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு மூன்றாகப் பிரிகிறது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைப்பார்கள்: இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், பிறகு அடைத்துவிட்டு அந்த ஆற்றுக்கு. பழைய டி.சி. முறை அப்படித்தான். தண்டவாளத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு சுவிட்ச். மின்சாரம் எங்கே திறந்திருக்கிறதோ அங்கே நிற்கிற எஞ்சின் எல்லாம் ஓடும்.

டி.சி.சி. என்கிற டிஜிட்டல் முறையில் எல்லா வாய்க்காலிலும் எப்போதும் கரை தளும்பத் தண்ணீர். தண்டவாளம் முழுக்க ஏறக்குறைய 15 வோல்ட், நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறிக்கொண்டு. அந்தத் திசைமாற்றத்திலேயே கட்டளை ஒளிந்திருக்கிறது: ஒரு பாதி 58 மைக்ரோ நொடி என்றால் 1, 100-க்கு மேல் போனால் 0. ஒவ்வொரு எஞ்சின் வயிற்றிலும் டீகோடர் என்று ஒரு சின்னப் பலகை. தன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அது தன் மடையைத் திறந்துகொள்ளும்.

“அப்ப அதுக்குப் பேர் வெக்கலாமா?” என்றான். எண்தான் வைக்கலாம். கடையிலிருந்து வரும்போது எல்லாமே 3. நான்கு இலக்கம் வரை மாற்றிக்கொள்ளலாம். நம் மீட்டர்கேஜ் டீசல் ஒய்.டி.எம்.-4 எஞ்சின்களுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் எண்கள், அப்படியே பொருந்திவிடும். அகலப்பாதை டபிள்யூ.டி.எம்.-2 ஐந்து இலக்கம். கடைசி நாலை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

*

1980-களின் இறுதியில் ஜெர்மனியில் லென்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய டி.சி.சி.யை அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொதுத் தரமாக்கியது. ஆகவே எந்தக் கம்பெனி டீகோடரும் எந்தக் கம்பெனி பெட்டியோடும் பேசும். ஆனால் கையில் பிடிக்கிற திராட்டில், கூடுதல் பெட்டி, இவற்றை இணைக்கிற கம்பியில் அந்தச் சமரசம் கிடையாது. டிஜிட்ராக்ஸுக்கு லோகோநெட், லென்ஸுக்கு எக்ஸ்பிரஸ்நெட், என்.சி.இ.க்குத் தன் வழி. எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பெட்டி சம்பந்தி வீடு மாதிரி, யோசித்துத்தான் கை நனைக்க வேண்டும்.

*

பார்த்தவை. டிஜிட்ராக்ஸ் ஜெஃபிர்: மேசையில் உட்காருகிற பெட்டி, பெரிய நெம்புகோல். புதிய வடிவம் 3 ஆம்பியர். டீகோடர் இல்லாத பழைய எஞ்சின் ஒன்றையும் இதில் ஓட்டலாம், ஆனால் நிற்கும்போது மோட்டார் ரீங்கரித்துச் சூடாகும். ரோக்கோவின் சின்ன வெள்ளை இசட்21: செல்போனில் ஓட்டத் தனியாகத் திறவு எண் வாங்க வேண்டும். என்.சி.இ. பவர் கேப்: கையில் பிடிக்கிற கருவிக்குள்ளேயே எல்லாம், சுமார் 2 ஆம்பியர். சத்தம் போடுகிற எஞ்சின் மூன்று நாலுக்குத் தாங்கும். எனக்கு அதற்கு மேல் எதற்கு?

நாலாவது, டி.சி.சி.-இ.எக்ஸ். ஆர்டுயினோ மெகா பலகை, அதன் மேல் ஒரு மோட்டார் ஷீல்டு, மென்பொருள் இலவசம். சாமான் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பழுதானால் பலகையை மாற்றிவிடலாம், அமெரிக்காவுக்குப் பார்சல் கட்ட வேண்டாம். பொம்மைகளுக்கான சுங்கவரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. மாதிரி ரயிலும் அந்தத் தலைப்பில்தான் வருகிறது. ஆகவே மிச்சம் பிடிக்க முடிந்த இடத்தில் பிடிக்கத்தான் வேண்டும்.

முதலில் இந்த டி.சி.சி.-இ.எக்ஸைத்தான் செய்தேன். ஓடியது. ஆனால் செல்போன் கண்ணாடியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க, கண் திரையில் இருக்க வேண்டியிருந்தது. ஷண்டிங்கில் கண் கப்ளிங்மேல் இருக்க வேண்டும். இரண்டு தடவை நெல் வேகன் குப்புற விழுந்தது. பேரனுக்கு இது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. எனக்குத் திருகு வேண்டும். விரலுக்குத் தெரிகிற திருகு.

பவர் கேப் வாங்கினேன். ஆர்டுயினோ அலமாரியில், ஆபத்துக்கு.

*

பவர் கேப்பின் அடாப்டர்! 110 வோல்ட் ஊருக்கென்று வந்ததை நம் 230-இல் சொருகினேன். சின்னச் சத்தம், பெரிய நாற்றம். மேலே எழுதியிருந்ததைப் படிக்காதது என் தப்பு.

*

பவர் கேப்பில் இன்னொன்று: கையிலிருக்கிற கருவிதான் தலைமை நிலையமும். நடந்துகொண்டே ஓட்டலாம் என்று பேரன் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். பாசஞ்சர் கேட்டுக்கு நட்டநடுவில் நின்றது. “இதுதான்டா அசல் நீடாமங்கலம்” என்றேன்.

*

கேஜ் தலைவலி. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19-க்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 16.5. எஞ்சின் கொஞ்சம் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி தெரியும். மீட்டர்கேஜ் என்றால் 12 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்து மலை ரயிலுக்காக பேமோ கம்பெனி செய்கிற பாதை. வெண்ணாற்றங்கரைக்கு ஆல்ப்ஸ் தண்டவாளம்! நீடாமங்கலம் வழியாகப் போகிற பாதையே நிலையாக இருந்ததில்லை. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம்–திருச்சி அகலப்பாதையாக வந்தது, 1875-இல் மீட்டர்கேஜ் ஆனது, நம் காலத்தில் மறுபடி அகலம். நான் 16.5-ஐயே போட்டுவிட்டேன். குறை சொல்கிறவர்கள் ஸ்கேலோடு வரட்டும்.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஒன்று 24 சென்டிமீட்டருக்கு மேல். பலகைக்கு ஐந்து பெட்டிதான் தாங்கும்.

*

சி.வி. என்று டீகோடருக்குள் எண் எண்ணாக அமைப்புகள். மூன்றாவது கிளம்புகிற சோம்பல், நாலாவது நிற்கிற சோம்பல். இரண்டையும் கூட்டியதும் சரக்கு வண்டி நிஜமாகவே நெல் மூட்டை ஏற்றிய மாதிரி கிளம்பியது. எதையோ மாற்றி எஞ்சின் மௌனமானால், பல டீகோடர்களில் எட்டாவதில் 8 என்று எழுதினால் பழையபடி 3-ஆக எழுந்து வரும்.

*

இன்று காசுச் சோதனை. ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்தால் பெட்டி உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் அங்கே போகிற கம்பி போதாது, ஷார்ட் ஆனால் சக்கரமும் டீகோடரும் கருகும். அடிக்கு ஓர் இடம் வைத்துப் பார்த்தேன். பிளாட்பாரம் சரி, யார்டு சரி, மன்னார்குடிக்குப் பிரிகிற பக்கம் சரி. கேட்டில் வைத்தேன். காசு சுட்டது, பெட்டி சும்மா இருந்தது. வைக்கோல் மாதிரி மெல்லிய கம்பி போட்டிருக்கிறேன் அங்கே. நாளைக்குப் பலகையைத் திருப்பிப் போட்டு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி பற்றவைக்க வேண்டும். அதுவரை கேட் சாத்தியிருக்கும்.