கோடு சொல்வது எவ்வளவு

இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே மலைக்கு ஏறிவிடுவார்கள். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுபோகும். குளிர் இருக்கும்போதே பட்டையில் கத்தி பட வேண்டும். சூரியனை நெருங்கிப் போகிற வால்வெள்ளி கண்ணுக்குத் தெரிவதும் ஒன்று அந்தியில், இல்லாவிட்டால் அந்த விடிகாலையில்தான். அதனால் கேகாலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் வால்வெள்ளி பார்த்தவர்களைத் தேடினால் முதலில் அகப்படுகிறவர்கள் பால்வெட்டுக்காரர்களே. 1965 ஒக்டோபர் கடைசியில் இக்கேயா–செக்கி, 1976 மார்ச்சில் வெஸ்ட், 2024 செப்டெம்பர் கடைசியில் சுசின்ஷான்–அட்லஸ். மூன்றும் விடிகாலை வால்வெள்ளிகள்.

எட்டியாந்தோட்டைப் பக்கம் வேலை செய்த எங்கள் அம்மாயி 1965இல் வந்ததைப் பார்த்தவர். "வெளக்கமாத்த நிமுத்தி வச்ச மாதிரி நின்னுச்சு" என்பார். நம்மை இந்தியாவுக்குக் கூட்டித் தள்ளத்தான் அது வந்தது என்பது அவருடைய தீர்மானம். அதற்கு வழிவைத்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி. வால்வெள்ளி ஒரு வருடம் பிந்தி வந்த சகுனம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒனக்குப் படிச்ச வாயி" என்று முடித்துவிட்டார். ஆனாலும் அம்மாயி செய்ததும் நான் செய்வதும் ஒரே காரியத்தில்தான் தொடங்குகின்றன. வானத்தில் ஒன்று தெரிகிறது. அது என்ன சொல்கிறது என்று கேட்கிறோம். எவ்வளவு சொல்கிறது என்ற இடத்தில்தான் இரண்டு பேரும் பிரிகிறோம்.

நான் வால்வெள்ளிகளை மில்லிமீற்றர் அலைகளில் வாசிப்பவள். வேலை நடக்கும் இரவில் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஸ்பெயினில் பிக்கோ வெலேட்டா மலையில் 2,850 மீற்றர் உயரத்தில் இருக்கும் 30 மீற்றர் தொலைகாட்டிக் கிண்ணத்தை வேறொரு நாட்டு அறையிலிருந்து திருப்பலாம். திரையில் தெரிவது இரைச்சல் மட்டுமே. கிண்ணம் சிறிது நேரம் வால்வெள்ளி மேல் நிற்கும், சிறிது நேரம் பக்கத்து வெறும் வானத்தின் மேல் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்போம். கழித்ததைச் சேர்த்துக்கொண்டே போக இரைச்சல் மெல்ல அடங்கும். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பதால், விடியும் நேரத்தில் உபகரணத்தை விட்டுப் பிரிய யாருக்கும் மனம் வராது.

முதலில் எழும்புவது அநேகமாக ஐதரசன் சயனைட்டு, 88.63 கிகாஹேர்ட்ஸில். அது ஒரு கோடாக வராது, மூன்றாக வரும். நடுவிலுள்ளது உயரமானது, ஒரு பக்கத்தில் அதன் ஐந்தில் மூன்று உயரத்துக்கு ஒன்று, மறுபக்கத்தில் ஐந்தில் ஒன்று உயரத்துக்கு ஒன்று. நைதரசன் கருவின் சுழற்சி போடும் கையெழுத்து அது. நடுக்கோடு மட்டும் தெரியும்போது இளையவர்கள் கைதட்டுவார்கள். நான் சின்னக் கோடு எழும்பும் வரை வாயைத் திறப்பதில்லை. வால்வெள்ளி பூமியை நோக்கி வினாடிக்கு 30 கிலோமீற்றரில் வருகிறதென்றால் கோடு 9 மெகாஹேர்ட்ஸ் அளவு தள்ளி விழ வேண்டும். அங்கே விழாத எதுவும் வால்வெள்ளியுடையது அல்ல.

இது ஏதோ அதிகப்படிச் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். காபனோரொட்சைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் பிறக்கும் முகில்களை நாம் வரைபடமாக்குவதே அதன் 115.27 கிகாஹேர்ட்ஸ் கோட்டை வைத்துத்தான். 1970இல் ஓரியன் முகிலில் அது அகப்பட்ட பிறகுதான் இந்தத் துறை உண்மையில் தொடங்கியது. அதே காபனோரொட்சைட்டு எங்கள் தலைக்கு மேல், வளிமண்டலத்தின் உச்சியிலும் இருக்கிறது. அதுவும் அதே இடத்தில் ஒல்லியாக, அழகாக ஒரு கோடு போடும். பூமியோடு சேர்ந்தே நகர்வதால் அதற்குத் தள்ளல் கிடையாது. அதை வைத்துத்தான் அதைப் பிடிக்கிறோம். நீரோடு நிலைமை இன்னும் மோசம். வால்வெள்ளியில் மிக அதிகமாக இருப்பது நீர், நம் காற்றில் அதை மறைப்பதும் நீர். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கே மில்லிமீற்றர் தொலைகாட்டி வைப்பதைப் பற்றி யாரும் கனவுகூடக் காண வேண்டாம். சிலியின் அட்டகாமாவில், 5,000 மீற்றர் உயரத்தில், அல்மா தொலைகாட்டியின் 66 கிண்ணங்களை நட்டிருப்பது அந்த வறட்சிக்காகத்தான். நீரின் முக்கியமான 557 கிகாஹேர்ட்ஸ் கோட்டுக்கு அதுவும் போதாது. விண்வெளிக்கே போக வேண்டும்.

நிறமாலை என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது பல்கலைக்கழகத்தில் அல்ல, இரத்தினபுரியில். எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் மாணிக்கக்கல் சோதிக்கிற இடத்தில் வேலை செய்தார். விரல் நீளத்தில் ஒரு கைக்கருவி வைத்திருந்தார். கல்லின் பின்னால் விளக்கை வைத்து அதைக் கண்ணில் பொருத்தினால் வானவில் தெரியும்; அதில் கறுப்புக் கோடுகள், சில இடத்தில் பிரகாசமான கோடுகள். இரண்டு சிவப்புக் கற்களை மாறி மாறிக் காட்டினார். கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பு. ஒன்றில் ஆழ்சிவப்பின் ஓரத்தில் ஒட்டினாற்போல ஓர் இரட்டைக் கோடு தனியாக மின்னியது, அது கெம்பு. மற்றதில் அதே சிவப்புப் பகுதியில் பல கோடுகள் வரிசையாக நின்றன, அது ஸ்பினல். இரண்டுக்கும் நிறம் கொடுத்தது குறோமியம்தான், குடியிருந்த பளிங்குதான் வேறு.

அப்படியானால் இது நல்ல கல்லா என்று கேட்டேன். "அத இது சொல்லாது தங்கச்சி. குறோமியம் இருக்கு, கெம்புதான், அவ்வளவுதான் சொல்லும். நெலத்துல வெளஞ்சதா, ஒலையில உருக்கி எடுத்ததான்னு கேட்டா ரெண்டுக்கும் இதே கோடுதான் வரும். அதுக்குப் பூதக்கண்ணாடி வச்சு உள்ளுக்குப் பாக்கணும்" என்றார்.

பிறகு படித்த புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

எங்கள் துறையில் கோடு நன்றாகப் பேசும் இடம் நீர்தான். நட்சத்திரம் பிறப்பதற்கு முன்னால் முகிலின் உட்பகுதி மறை 263 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்து கிடக்கும். அந்தக் குளிரில் தூசித் துணிக்கைகள் மேல் காபனோரொட்சைட்டு உறைகிறது. ஐதரசன் அணுக்கள் அதன்மேல் ஊர்ந்து ஒவ்வொன்றாக ஏறி அதை முதலில் போமல்டிகைட்டாகவும் பிறகு மெதனோலாகவும் ஆக்குகின்றன. ஒட்சிசனும் அதே துணிக்கைகள் மேல் நீராகிறது. இந்த இரசாயனத்துக்கு ஒரு வினோத குணம் உண்டு. பார ஐதரசனான தியூத்தேரியம் ஒருமுறை மூலக்கூறுக்குள் போய்விட்டால் திரும்பி வெளியே வர வேண்டிய சக்தி அந்தக் குளிரில் கிடைக்காது. அதனால் அங்கே உறைந்த நீரில் பார ஐதரசன் மிகையாகத் தங்கும். எங்கே பிறந்த நீர் என்று கேட்டால் அந்த விகிதம் பதில் சொல்லும்.

நம் கடல்நீரில் பத்து இலட்சம் ஐதரசனுக்கு 156 பார ஐதரசன். அண்டவெளி வாயுவின் பொது விகிதத்தைவிட இது பல மடங்கு. 2011இல் ஹேர்ஷல் விண்தொலைகாட்டி ஹார்ட்லி–2 வால்வெள்ளியில் 161 என்று அளந்தபோது கடல் வால்வெள்ளியிலிருந்து வந்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். 2014இல் ரொசெற்றா விண்கலம் 67பி வால்வெள்ளியில் 530 என்று அளந்தது. இல்லை, வால்வெள்ளியிலிருந்து வரவே இல்லை என்று எழுதினார்கள். 2024இல் அதே ரொசெற்றாத் தரவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்கள், கருவுக்கு அருகில் தூசியில் ஒட்டிய பனிதான் கணக்கைக் கூட்டிக் காட்டுகிறது, தூரத்தில் எடுத்த அளவுகள் கடலுக்கு நெருங்குகின்றன என்கிறார்கள். பத்து வருடமாக நாங்கள் சண்டை போட்டது வால்வெள்ளியைப் பற்றியா, தூசியைப் பற்றியா என்று தெரியாத நிலை. எனக்கு இதில் வருத்தம் இல்லை. 530 என்ற அளவு பொய்யல்ல. முழு வால்வெள்ளிக்கும் அதுவே விகிதம் என்று எடுத்துக்கொண்டதுதான் அவசரம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2023இல் வந்த அளவீடு. வி883 ஓரியனிஸ் என்பது சுமார் 1,300 ஒளியாண்டுத் தூரத்தில் உள்ள இளம் நட்சத்திரம். அது திடீரென்று பிரகாசித்து, தன்னைச் சுற்றிய தட்டிலுள்ள பனியை ஆவியாக்கிவிட்டது. அதனால் அந்தத் தட்டில் சாதாரண நீரையும் பார நீரையும் அல்மாவால் எண்ண முடிந்தது. விகிதம் நட்சத்திரக் கருக்களைச் சூழ்ந்த முகிலோடும் வால்வெள்ளிகளோடும் ஒத்துப்போனது. கோள்கள் பிறக்கும் தட்டுக்கு நீர் அழியாமல் முகிலிலிருந்தே வந்து சேர்கிறது என்பது பொருள். களனி கங்கையில் ஓடும் நீரிலும் ஒரு பங்கு சூரியனைவிட மூத்தது என்று இப்போது ஓரளவு துணிந்து சொல்லலாம்.

இந்தத் துறையில் இலங்கைக்காரர்களின் பெயர் சிறியதல்ல. காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு இரசாயனத்துக்குத் திரும்பியவர் சிரில் பொன்னம்பெரும. 1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லை நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் அவரும் கெய்த் குவென்வோல்டனும் மற்றவர்களும் சோதித்து, அமினோ அமிலங்கள் இருப்பதாக 1970இல் எழுதினார்கள். விண்கல்லில் அமினோ அமிலம் கண்டதாக முன்பும் சொன்னதுண்டு. தொட்டவர் விரலிலிருந்து வந்தது என்று தள்ளிவிடுவார்கள். மர்ச்சிசன் நின்றது வேறு காரணத்தால். உயிர்கள் பெரும்பாலும் அமினோ அமிலத்தின் இடக்கை வடிவத்தையே ஆக்கும்; இந்தக் கல்லில் இடக்கையும் வலக்கையும் ஏறக்குறைய சமமாக இருந்தன. நம் உடலின் புரதத்தில் இல்லாத அமிலங்களும் இருந்தன. அமினோ அமிலத்தைக் கண்டது பாதி வேலை. அது நம்முடையது அல்ல என்று காட்டியதுதான் மீதிப் பாதி, அதுவே கஷ்டமான பாதி.

கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க பிரெட் ஹொயிலோடு சேர்ந்து 1962இல் அண்டவெளித் தூசியில் காபன் உண்டென்று எழுதினார். 1970களில் அந்தத் தூசி சேதனப் பொருளால் ஆனது என்றார். பனியும் சிலிக்கேற்றும் மட்டும் பேசப்பட்ட காலத்தில் அது துணிச்சல். 1986இல் அவருடைய தம்பி தயாள் விக்கிரமசிங்கவும் டேவிட் அலனும் அவுஸ்திரேலியாவிலிருந்து ஹலி வால்வெள்ளியைப் பார்த்து 3.4 மைக்ரோமீற்றரில் காபன்–ஐதரசன் பிணைப்பின் சாயலைக் கண்டார்கள். அண்ணன் அதில் உலர்ந்த பக்றீரியாவைப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் அதில் ஒரு பகுதி மெதனோல் என்று பிரித்துக் காட்டினார்கள். 2012 டிசெம்பரில் பொலன்னறுவைப் பக்கம் விழுந்ததாகச் சொன்ன கல்லில் டயற்றம் புதைபடிவம் உண்டென்று அவருடைய குழு எழுதியபோது, அது விண்கல் என்பதே நிறுவப்படவில்லை என்று துறையினர் ஏற்கவில்லை. என் மதிப்பீடு இதுதான்: தூசியில் சேதனப் பொருள் உண்டென்றது அவருடைய நிலைத்த பங்கு, அதை உயிர் என்றது கோடு தராத செய்தி.

கிளைசின் என்ற மிக எளிய அமினோ அமிலத்தின் கதையும் அப்படித்தான். 2003இல் நட்சத்திரம் பிறக்கும் முகில்களில் அதன் கோடுகள் அகப்பட்டதாக எழுதினார்கள். 2005இல் வேறொரு குழு, கிளைசின் இருந்தால் கட்டாயம் வந்திருக்க வேண்டிய மற்றக் கோடுகள் எங்கே என்று கேட்டது. பதில் இல்லை. வால்வெள்ளியில் கிளைசின் உண்டு; ஸ்டார்டஸ்ட் விண்கலம் கொண்டுவந்த தூசியிலும் ரொசெற்றாவின் நேரடி அளவிலும் கண்டுவிட்டோம். முகில்களில் இன்றுவரை இல்லை. அங்கே இதுவரை கண்ட முந்நூற்றுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளின் பட்டியலில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

எங்கள் தோட்டப் பக்கத்துப் பாடசாலையில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் இருக்கவில்லை. அதைப் படிக்க வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. இன்றும் சப்ரகமுவவில் தமிழில் விஞ்ஞானம் படிக்க வழி தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. அல்மா எடுக்கும் தரவு, கேட்டவரின் உரிமைக்காலம் ஓராண்டு முடிந்தபின் உலகத்தில் யாரும் எடுக்கலாம், காசில்லை. ரொசெற்றாவின் தரவும் ஐரோப்பிய விண்வெளி முகமையின் களஞ்சியத்தில் திறந்தே கிடக்கிறது. எந்தக் கோடு எந்த மூலக்கூறுடையது என்ற பட்டியலைக் கொலோன் பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருக்கிறது, வாசிக்கும் மென்பொருளும் இலவசம். இதற்குத் தெளிந்த வானம் வேண்டாம், மழை பெய்தால் பெய்யட்டும். ஒரு கணினியும் உயர்தரப் பௌதிகவியலும் போதும். ஐதரசன் சயனைட்டின் மூன்று கோடுகளிலிருந்து தொடங்குங்கள். சின்னக் கோட்டைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.